லோகோ வரைக்கும் படம் வருகிறது, அப்புறம் 'நோ சிக்னல்': எங்கே தேடுவது?

கேள்வியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கம்ப்யூட்டரை ஆன் செய்தால் மதர்போர்டு லோகோ தெரிகிறது, அதன் கீழே புள்ளிகள் வட்டமாகச் சுற்றுகின்றன, இதோ விண்டோஸ் வந்துவிட்டது என்று நினைக்கும்போது திரை கறுத்து 'நோ சிக்னல்' என்று எழுத்து வருகிறது, மானிட்டர் விளக்கு ஆரஞ்சுக்கு மாறிவிடுகிறது. இரண்டு மூன்று தடவை அணைத்துப் போட்டால் சில நாள் சரியாகிறது, சில நாள் ஆவதில்லை. அதே மானிட்டர் லேப்டாப்பில் ஒழுங்காக ஓடுகிறது. தெரிந்தவர் ஒருவர் "மானிட்டர் போச்சு, புதுசு வாங்கிடு" என்கிறார். வாங்கலாமா?

வாங்காதீர்கள். லோகோவைக் காட்டிய மானிட்டருக்கு உயிர் இருக்கிறது. 'நோ சிக்னல்' என்று எழுதிக் காட்டுகிறதே, அதுவே பேனலும், அதற்குப் பின்னாலிருந்து ஒளி தரும் பேக்லைட்டும் நன்றாக இருப்பதற்குச் சாட்சி. பேக்லைட் போன மானிட்டர் அந்த எழுத்தைக்கூடக் காட்டாது, டார்ச்சைத் திரையில் சாய்வாக அடித்துப் பார்த்தால்தான் படம் மங்கலாகத் தெரியும். உங்களுடையது அந்த வகை இல்லை.

இந்த மாதிரிப் பிரச்சினையில் எதை மாற்றுவது என்று யோசிப்பதற்கு முன்னால், படம் சரியாக எந்த நொடியில் போகிறது என்று பாருங்கள். முக்கால்வாசி விடை அதிலேயே இருக்கிறது.

ஸ்விட்சைத் தட்டியதும் முதலில் படம் காட்டுவது விண்டோஸ் இல்லை, பயாஸ். இப்போது அதன் பெயர் யு.இ.எஃப்.ஐ., ஆனாலும் எல்லாரும் பயாஸ் என்றுதான் சொல்கிறோம். அது கிராஃபிக்ஸ் கார்டுக்குள் இருக்கும் சின்ன மென்பொருளிடம் 'ஏதோ ஒரு படம் காட்டு, போதும்' என்று கேட்டு வாங்குகிறது. அப்போது டிரைவர், அதாவது கார்டை முழுதாக இயக்க விண்டோஸுக்கு வேண்டிய மென்பொருள், எதுவும் கிடையாது. பெரும்பாலும் 60 ஹெர்ட்ஸ்தான் (நொடிக்கு 60 தடவை படம் புதுப்பிக்கப்படும்), பல சமயம் ரெசல்யூஷனும் குறைவாக இருக்கும். விண்டோஸின் அந்தச் சுற்றும் புள்ளிகள்கூட பயாஸ் போட்டு வைத்த அதே படத்தின் மேல்தான் ஓடுகின்றன. அதற்கப்புறம்தான் உண்மையான டிரைவர் எழுந்து வந்து, மானிட்டருக்குள் இருக்கும் ஈ.டி.ஐ.டி. என்ற சின்னத் தகவல் அட்டையைப் படிக்கிறது. நான் யார், எந்த ரெசல்யூஷன் தாங்குவேன், எத்தனை ஹெர்ட்ஸ் வரை போவேன் என்று மானிட்டர் தன்னைப் பற்றிச் சொல்லும் அட்டை அது, அடிப்படைப் பகுதி வெறும் 128 பைட்தான். அதைப் படித்துவிட்டு டிரைவர் பழைய சிக்னலை நிறுத்திவிட்டுப் புதிய ரெசல்யூஷனில், புதிய ஹெர்ட்ஸில் மறுபடி ஆரம்பிக்கிறது. அந்த இடைவெளியில் ஒன்றிரண்டு நொடி திரை கறுப்பது எல்லாக் கம்ப்யூட்டரிலும் நடப்பதுதான்.

உங்களுடையது அந்த இடைவெளியில் போய் மாட்டிக்கொள்கிறது. அப்படியென்றால் மூன்றில் ஒன்று: டிரைவர் புதிய படத்தை அனுப்பவே இல்லை, அல்லது வேறு ஏதோ போர்ட்டுக்கு அனுப்புகிறது, அல்லது சரியாகத்தான் அனுப்புகிறது ஆனால் கேபிளில் ஒழுங்காக வந்து சேரவில்லை. என் அனுபவத்தில் மூன்றாவதுதான் அதிகம், ஆனால் எல்லாரும் முதலாவதைத்தான் முதலில் துரத்துவார்கள், விண்டோஸையே அழித்துப் போட்டுவிட்டு அப்புறமும் அதே 'நோ சிக்னல்' வந்து நிற்பவர்களைப் பார்த்திருக்கிறேன்.

முதல் சோதனைக்கு எதுவும் கழற்ற வேண்டாம். திரை கறுத்ததும் ஒரு நிமிடம் சும்மா இருங்கள். பிறகு கீபோர்டில் கேப்ஸ் லாக்கைத் தட்டுங்கள். அதன் விளக்கு எரிந்து அணைகிறதா? எரிந்தால் கம்ப்யூட்டர் உள்ளே உயிரோடு இருக்கிறது, விண்டோஸ் வந்து பாஸ்வேர்டுக்குக் காத்திருக்கிறது, படம் மட்டும்தான் இல்லை. விளக்கு அசையவே இல்லை என்றால் கம்ப்யூட்டரே உறைந்துவிட்டது, அது வேறு கதை, கீழே சொல்கிறேன்.

உயிரோடு இருந்தால், விண்டோஸ் கீ, கண்ட்ரோல், ஷிஃப்ட், பி நான்கையும் ஒன்றாக அழுத்துங்கள். கிராஃபிக்ஸ் டிரைவரை மட்டும் மறுபடி எழுப்பும் குறுக்குவழி இது. ஸ்பீக்கர் இருந்தால் ஒரு பீப் கேட்கும், திரை வந்தாலும் வரலாம். வந்துவிட்டால் முதல் முறை எழுந்தபோதுதான் டிரைவருக்கும் மானிட்டருக்கும் பேச்சு ஒத்துவரவில்லை என்று அர்த்தம். இது எப்படி நடக்கிறது என்றால், சிக்னல் ஒரு நொடி நின்றதுமே சில மானிட்டர்கள் அவசரப்பட்டுத் தூங்கப் போய்விடும், போகும்போது 'நான் இணைந்திருக்கிறேன்' என்று கார்டுக்குச் சொல்லும் கம்பியையும் கீழே போட்டுவிடும். எச்.டி.எம்.ஐ. பிளக்கில் அது 19ஆவது பின். கார்டு பார்க்கிறது, அங்கே மானிட்டரே இல்லை, சரி என்று படம் அனுப்புவதை நிறுத்திக்கொள்கிறது. அவன் பேசட்டும் என்று இவனும், இவன் பேசட்டும் என்று அவனும் உட்கார்ந்திருப்பார்கள். மானிட்டரை மட்டும் அணைத்துப் போட்டதும் படம் வந்துவிடுகிறதா என்று பாருங்கள், வந்தால் இதே கதைதான். மானிட்டர் மெனுவில் 'டீப் ஸ்லீப்' மாதிரி ஏதாவது இருந்தால் அணைத்துவிடுங்கள், இன்புட்டை 'ஆட்டோ'வில் விடாமல் நீங்கள் செருகியிருக்கும் போர்ட்டையே தேர்ந்தெடுத்து வையுங்கள். ஆட்டோவில் இருந்தால் அது ஒவ்வொரு போர்ட்டாகத் தட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பி வருவதற்குள் எல்லாம் முடிந்திருக்கும்.

அது ஒரு பக்கம் இருக்கட்டும், கம்ப்யூட்டரின் பின்னால் இரண்டாவது கேபிள் ஏதாவது செருகியிருக்கிறீர்களா என்று இப்போதே எட்டிப் பாருங்கள். இதைக் கேட்பதற்குக் காரணம் இருக்கிறது. எனக்கு இதே பிரச்சினை வந்து இரண்டு ராத்திரி போனது. டிரைவர் மாற்றினேன், கேபிள் மாற்றினேன், ரேமைக்கூடக் கழற்றி மாட்டினேன். கடைசியில் பார்த்தால் எப்போதோ படம் பார்க்க அடுத்த அறை டி.வி.க்கு இழுத்த எச்.டி.எம்.ஐ. கேபிள் கார்டிலேயே இருக்கிறது, விண்டோஸ் அந்த டி.வி.யை ஒரே திரையாக நினைத்துக்கொண்டு டெஸ்க்டாப்பை அழகாக அங்கே அனுப்பிக்கொண்டிருக்கிறது. அணைந்திருக்கும் டி.வி.யும் 'நான் இருக்கிறேன்' என்று சொல்லும், அதுதான் சிக்கல். பயாஸுக்கு இந்தக் கணக்கெல்லாம் தெரியாது, அதனால் லோகோ மட்டும் மானிட்டரில் வந்துகொண்டிருந்தது. ஆகவே கூடுதல் கேபிள், வி.ஆர். கருவி, கன்வெர்ட்டர் எது இருந்தாலும் உருவிவிட்டு ஒரே ஒரு மானிட்டரோடு ஆன் செய்து பாருங்கள். உருவ முடியாத இடமென்றால் பாஸ்வேர்டைப் பார்க்காமலேயே அடித்து உள்ளே போய், விண்டோஸ் கீயோடு பி அழுத்தி, கீழ் அம்புக்குறியும் என்டரும் தட்டினால் திரை இடம் மாறும்.

இனி கேபிள். 'லோகோ வருகிறதே, கேபிள் நல்ல கேபிள்தானே' என்பதுதான் எல்லாரும் விழும் குழி. லோகோ சின்ன வண்டி, டெஸ்க்டாப் லாரி. எச்.டி.எம்.ஐ. 1.4 நொடிக்கு 10.2 கிகாபிட் தாங்கும், அதில் 4கே படம் 30 ஹெர்ட்ஸ்தான் போகும். 4கே 60 ஹெர்ட்ஸ் வேண்டுமென்றால் எச்.டி.எம்.ஐ. 2.0, அதாவது 18 கிகாபிட் வேண்டும். 2.1 என்றால் 48. மானிட்டரை இணைக்கும் இன்னொரு வகையான டிஸ்ப்ளேபோர்ட்டில் 1.2 என்பது 21.6, 1.4 என்பது 32.4. கார்டு ஈ.டி.ஐ.டி.யைப் படிக்கிறது, மானிட்டர் 'எனக்கு 144 ஹெர்ட்ஸ் தெரியும்' என்கிறது, கார்டும் 'எனக்கும் தெரியும்' என்கிறது. நடுவில் இருக்கும் எச்.டி.எம்.ஐ. கேபிளை யாரும் கேட்பதில்லை, சாதாரணக் கேபிளுக்குப் பேசவும் தெரியாது. இரண்டு பேரும் ஒப்புக்கொண்ட வேகத்தில் படம் கிளம்புகிறது, வழியிலேயே சிதறிவிடுகிறது. எல்லைக்கோட்டில் இருக்கும் கேபிள் ஒருநாள் தாங்கும், ஒருநாள் தாங்காது. 'சில நாள் வருகிறது' என்று நீங்கள் சொன்னபோதே எனக்கு இதுதான் தோன்றியது.

லேப்டாப்பில் ஓடியது என்கிறீர்கள், அது எந்தக் கேபிளில்? எத்தனை ஹெர்ட்ஸில்? வேறு கேபிளில் 60 ஹெர்ட்ஸில் ஓடியிருந்தால் அந்தச் சோதனை மானிட்டர் நன்றாக இருக்கிறது என்பதைத் தவிர வேறு எதையும் சொல்லவில்லை. அதே கேபிள், மானிட்டரில் அதே போர்ட், அதே ரெசல்யூஷன், அதே ஹெர்ட்ஸ் வைத்துப் பார்த்தால்தான் கணக்கில் சேரும்.

கேபிளை மாற்றுவதற்கு முன் ஒரு டார்ச்சோடு சி.பி.யு. பெட்டிக்குப் பின்னால் குனிந்து, கார்டில் பிளக் உட்கார்ந்திருக்கும் இடத்தைப் பக்கவாட்டிலிருந்து பாருங்கள். பிளக்கின் இரும்பு வாய்க்கு மேல் தடித்த பிளாஸ்டிக் உறை இருக்கிறதல்லவா, அது பெட்டியின் தகட்டு விளிம்பில் இடித்துக்கொண்டு நிற்கும். கையால் அசைத்தால் கெட்டியாக இருப்பதுபோலத்தான் இருக்கும், ஆனால் இரும்பு ஒரு மில்லிமீட்டர், ஒன்றரை மில்லிமீட்டர் வெளியே பளபளக்கும். அந்த ஒரு மில்லிமீட்டரில் லோகோ ஓடிவிடும், 144 ஹெர்ட்ஸ் ஓடாது. கார்டைப் பெட்டியோடு பிடித்திருக்கும் திருகைத் தளர்த்தி, கார்டை ஒரு மயிரிழை நகர்த்தி முடுக்கினால் பிளக் முழுதாக உள்ளே போகும். டிஸ்ப்ளேபோர்ட்டில் கொக்கி உண்டு, 'கிளிக்' கேட்க வேண்டும். உருவும்போது மேலே இருக்கும் பொத்தானை அழுத்தாமல் இழுத்தீர்கள் என்றால் போர்ட்டே பிய்ந்துகொண்டு வரும், ஜாக்கிரதை.

டிஸ்ப்ளேபோர்ட் கேபிளில் இன்னொரு வில்லங்கம். அதன் 20ஆவது பின் 3.3 வோல்ட் மின்சாரத்துக்கானது, கன்வெர்ட்டர் மாதிரி சின்னக் கருவிகளுக்காக வைத்தது. மானிட்டருக்கும் கார்டுக்கும் நடுவே போகும் சாதாரணக் கேபிளில் அந்தக் கம்பி இருக்கவே கூடாது என்பது விதி. சில மலிவுக் கேபிள்களில் இணைத்துத் தொலைத்திருப்பார்கள். அப்போது மானிட்டரின் மின்சாரம் கார்டுக்குள் பின்வழியாக ஏறி, கம்ப்யூட்டர் ஒழுங்காகப் பூட் ஆகாமல் ஏதேதோ செய்யும். கம்ப்யூட்டரை அணைத்த பிறகும் கார்டிலோ மதர்போர்டிலோ ஒரு விளக்கு மங்கலாக எரிந்து, டிஸ்ப்ளேபோர்ட்டை உருவியதும் அது அணைகிறது என்றால் கேபிளைத் தூக்கிப் போடலாம்.

உள்ளே போக முடிந்த ஒருநாளில் முதல் வேலையாக ஹெர்ட்ஸை 60க்கு இறக்குங்கள். ஒரு வாரம் அப்படியே விட்டு, ஒரு தடவைகூட 'நோ சிக்னல்' வரவில்லை என்றால் குற்றவாளி கேபிளோ போர்ட்டோதான், டிரைவர் பக்கம் போகவே வேண்டாம். உள்ளே போகவே முடியவில்லை என்றால், அந்தப் புள்ளிகள் சுற்றும்போதே பவர் பட்டனை அழுத்திப் பிடித்து அணையுங்கள். இப்படி இரண்டு மூன்று தடவை செய்தால் விண்டோஸ் தானாகவே ரிப்பேர் திரைக்கு வரும். டிரைவர் எழுவதற்கு முந்தைய கட்டம் என்பதால் அந்தத் திரை பெரும்பாலும் தெரியும். அதில் ட்ரபிள்ஷூட், அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ், ஸ்டார்ட்டப் செட்டிங்ஸ், ரீஸ்டார்ட். பிறகு வரும் பட்டியலில் 3 என்பது அதே டிரைவரைக் குறைந்த ரெசல்யூஷனில் எழுப்புவது, 4 என்பது சேஃப் மோடு, அதாவது டிரைவரே இல்லாமல். இந்த இரண்டையும் தனித்தனியாகச் செய்து பாருங்கள். 3லேயே படம் வந்தால் டிரைவர் நன்றாக இருக்கிறது, வேகம்தான் தாங்கவில்லை. 4இல் மட்டும் வந்தால் டிரைவரைச் சந்தேகிக்கலாம். ஒரே எச்சரிக்கை, டிஸ்க்கில் பிட்லாக்கர் (விண்டோஸின் டிஸ்க் பூட்டு) போட்டிருந்தால் இந்த வழியில் போகும்போது 48 இலக்க ரெக்கவரி கீ கேட்கும், பயாஸ் மாற்றங்கள் செய்தாலும் கேட்கலாம். அது எங்கே இருக்கிறது என்று முதலில் பார்த்து வைத்துக்கொண்டு ஆரம்பியுங்கள்.

டிரைவர்தான் என்றால், பழையதன் மேல் புதியதைப் போடுவதில் பயன் குறைவு. சேஃப் மோடில் டி.டி.யு. என்ற இலவசக் கருவியால் பழையதை வேரோடு எடுத்துவிட்டு, விண்டோஸ் தானாக எதையாவது இறக்கிப் போட்டுவிடாமல் இணையத்தைத் துண்டித்துவிட்டு, முன்கூட்டியே இறக்கி வைத்த டிரைவரைப் போடுங்கள். அண்மையில் அப்டேட் ஆன பிறகுதான் இந்தத் தொல்லை ஆரம்பித்தது என்றால் முந்தைய பதிப்பைப் போடுங்கள், புதியதெல்லாம் நல்லது என்று யாரும் எழுதித் தரவில்லை.

இன்னொன்றையும் கவனியுங்கள்: ஷட்டவுன் செய்துவிட்டு ஆன் செய்தால் படம் போகிறது, ரீஸ்டார்ட் செய்தால் படம் வருகிறது என்றிருக்கிறதா? அப்படியென்றால் ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப். விண்டோஸ் 8 காலத்தில், 2012இல் வந்தது. ஷட்டவுன் என்று நாம் நினைப்பதில் விண்டோஸின் உள்பகுதியும் டிரைவர்களும் அப்படியே டிஸ்க்கில் உறங்கவைக்கப்பட்டு மறுநாள் எழுப்பப்படுகின்றன, ரீஸ்டார்ட்டில்தான் எல்லாம் புதிதாக ஆரம்பிக்கிறது. ஷிஃப்டை அழுத்திக்கொண்டே ஷட்டவுன் கொடுத்தால் அந்த ஒரு தடவை முழுதாக அணையும், அப்படி அணைத்தபின் பிரச்சினை வரவில்லை என்றால் கண்ட்ரோல் பேனலில் பவர் ஆப்ஷன்ஸுக்குப் போய் ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப் டிக்கை நிரந்தரமாக எடுத்துவிடலாம். எஸ்.எஸ்.டி. இருக்கும் கம்ப்யூட்டரில் அது மிச்சப்படுத்தும் சில நொடிக்காக இவ்வளவு பாடு தேவையில்லை.

இப்போது கேப்ஸ் லாக் விளக்கு எரியாத கதை. டிரைவர் எழும் நொடியில் கார்டு முதல் முறையாக முழு வேகத்துக்குத் தயாராகிறது. எஸ்.எம்.பி.எஸ். (கம்ப்யூட்டருக்கு மின்சாரம் தரும் பெட்டி) தளர்ந்திருந்தாலோ, கார்டின் 8 பின் பவர் கேபிள் சரியாக உட்காரவில்லை என்றாலோ அங்கேதான் விழும். கார்டை மதர்போர்டிலிருந்து கழற்றி மாட்டுங்கள், இரண்டு பவர் சாக்கெட் உள்ள கார்டு என்றால் ஒரே கேபிளின் இரண்டு வாலையும் செருகாமல் தனித்தனிக் கேபிள் போடுங்கள். ரைசர் கேபிள் (கார்டுக்கும் மதர்போர்டுக்கும் நடுவே போடும் நீட்டிப்புக் கேபிள்) வைத்துக் கார்டை நிமிர்த்தி மாட்டியிருந்தால் அதை எடுத்துவிட்டு நேராகச் செருகிப் பாருங்கள், பழைய ரைசரில் புதிய கார்டு தடுமாறுவது சகஜம், பயாஸில் பி.சி.ஐ.இ.யை, அதாவது கார்டும் மதர்போர்டும் பேசும் வேகத்தை, ஜென் 3க்கு இறக்கினாலே பல சமயம் அடங்கிவிடும். இவ்வளவும் செய்தபின், சேஃப் மோடில் மணிக்கணக்கில் ஓடுகிறது, ஆனால் எந்தப் பதிப்பு டிரைவர் போட்டாலும் அதே இடத்தில் உறைகிறது என்றால் கார்டின் உள்ளேயே கோளாறு. சந்தேகமிருந்தால் கார்டைக் கழற்றிவிட்டு மதர்போர்டு போர்ட்டில் செருகி இரண்டு நாள் ஓட்டுங்கள், பிராசசரில் கிராஃபிக்ஸ் இருந்தால்தான் இது நடக்கும், இன்டெல் பிராசசரின் பெயர் எஃப் என்று முடிந்தால் கிடையாது.

இதற்கு நேர் எதிரான நோயும் உண்டு: லோகோ தெரியாது, பயாஸுக்குள் போக முடியாது, ஆனால் விண்டோஸ் மட்டும் வந்துவிடும். உங்களுடையது அதுவல்ல என்பதால் வேகமாகக் கடக்கிறேன். மானிட்டர் விழிக்க நேரமெடுப்பது, பயாஸில் ஃபாஸ்ட் பூட் போட்டிருப்பது, யு.இ.எஃப்.ஐ. அறியாத மிகப் பழைய கார்டை சி.எஸ்.எம். (பழைய பயாஸ் முறைக்கான வசதி) அணைத்த மதர்போர்டில் மாட்டியிருப்பது இவைதான் வழக்கமான காரணங்கள். என்விடியாவின் மேக்ஸ்வெல், பாஸ்கல் தலைமுறைக் கார்டுகளில் டிஸ்ப்ளேபோர்ட் 1.3, 1.4 மானிட்டர் மாட்டினால் இப்படி ஆகும் என்று அந்நிறுவனமே 2018இல் ஒரு ஃபர்ம்வேர் அப்டேட் கருவி வெளியிட்டது, அந்தத் தலைமுறைக் கார்டு வைத்திருப்பவர்கள் அதை ஓட்டினால் போதும்.

ஆரம்பத்திலிருந்தே ஒன்றும் வரவில்லை என்றால் மதர்போர்டின் ஓரத்தில் சி.பி.யு., டிரேம், வி.ஜி.ஏ., பூட் என்று நான்கு சின்ன விளக்குகள் இருக்கின்றனவா பாருங்கள், எது எரிந்தபடி நிற்கிறதோ அங்கே கை வையுங்கள். டி.டி.ஆர்.5 ரேம் புதிதாகப் போட்ட கம்ப்யூட்டர் முதல் தடவை ரேமைப் பழக்கிக்கொள்ளச் சில நிமிடங்கள் கறுப்புத் திரையோடு இருக்கும், அதற்குள் பதறி அணைத்தால் மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்கும்.

லினக்ஸ் வைத்திருப்பவர்களுக்கும் இதே இடைவெளிதான், பெயர் வேறு. பூட் ஆகும்போது வரும் கிரப் மெனுவில் ஈ தட்டி, கெர்னல் வரியின் கடைசியில் 'நோமோட்செட்' என்ற சொல்லை ஆங்கில எழுத்தில் சேர்த்துப் பூட் செய்தால் டிரைவர் திரையைத் தொடாது, உள்ளே போய் மிச்சத்தைப் பார்த்துக்கொள்ளலாம்.

உங்கள் விஷயத்துக்குத் திரும்பினால், இன்றைக்கு ராத்திரி நான் உங்கள் இடத்தில் இருந்தால் மானிட்டரையும் கம்ப்யூட்டரையும் பிளக்கிலிருந்தே உருவி ஐந்து நிமிடம் விட்டு, பிளக்கின் இரும்பு வெளியே தெரிகிறதா என்று பார்த்து, கார்டின் வேறு போர்ட்டில் செருகி, 60 ஹெர்ட்ஸில் ஆன் செய்வேன். அது பிடித்து நின்றால் சான்றிதழ் பெற்ற கேபிள் ஒன்று, முடிந்தவரை நீளம் குறைந்ததாக, வாங்கிப் போட்டுவிட்டு ஹெர்ட்ஸை மறுபடி ஏற்றுங்கள். புதுக் கேபிளிலும் 144இல் மட்டும் விழுகிறது என்றால் மானிட்டரின் இன்னொரு போர்ட்டுக்கு மாற்றுங்கள், எச்.டி.எம்.ஐ.யில் இருந்தால் டிஸ்ப்ளேபோர்ட்டுக்கு. பல மானிட்டர்களில் முழு ஹெர்ட்ஸும் டிஸ்ப்ளேபோர்ட்டில் மட்டும்தான் கிடைக்கும், அட்டைப் பெட்டியில் அதைச் சின்ன எழுத்தில்தான் போட்டிருப்பார்கள்.